ஏழு பூவும் இரண்டு பூக் கூலியும்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டின் சொந்தக்காரர், ஊரே பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்று கூப்பிடுகிறவர். அவர் மனைவி மதாம். கடலூரிலிருந்து அலமாரி பார்க்க வந்திருந்த ஒரு வக்கீல். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், தச்சு வேலைக்காரர். ஐந்தாவது ஆள் நான். வேலைக்காரி கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது, ஆனால் ஆள் உள்ளே வரவில்லை. வக்கீலை ஏற்றிவந்த ரிக்‌ஷாக்காரன் தெருவில் வண்டியிலேயே படுத்திருந்தான். ஆக ஐந்து. ஆறுகூட இல்லை.

இவ்வளவு கணக்காகச் சொல்லக் காரணம் இருக்கிறது. "இருபது பேர் முன்னால அவனே ஒத்துக்கிட்டான்" என்று முசியே பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். பெரிய கடை மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கப் போன என் மனைவியிடமே ஒருத்தி நிறுத்திக் கேட்டிருக்கிறாள். இருபது பேர் எங்கிருந்து வந்தார்கள்? அந்தக் கூடத்தில் மொத்தம் இருந்ததே நாலு நாற்காலி. நான் ஒத்துக்கொண்டேனாம். எதை ஒத்துக்கொண்டேன்? இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான் மரத்தில் பூ வெட்டுகிறவன். கட்டிலின் தலைமாட்டில், நாற்காலி முதுகில், அலமாரியின் நெற்றியில் ஒட்டுகிறார்களே, சின்னப் பூ, இலை, சங்கு, அதெல்லாம் எங்கள் வேலை. சாமி சிலை, தேர் வேலை எதற்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் போகமாட்டேன், பயம். உள்ளங்கைக்குள் அடங்குகிற வேலைதான் எனக்குச் சரிப்படும். பள்ளிக்கூடம் நாலாவதோடு நின்றுபோயிற்று. படிப்பு வராமல் இல்லை. வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரியும், ஆனால் தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வாய் திறக்காது. வாரத்துக்கு ஒரு நாள் ஜுரம் வந்தது. போதும் என்று நிறுத்திவிட்டார்கள். ஜுரம் நின்றது, பயம் நிற்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இதைச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் இந்த விவகாரத்தில் என் தப்பும் ஒன்று உண்டு. அது இந்தப் பயத்தில் பிறந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டு இரண்டு வருஷம் இருக்கும். கப்பலேறிப் போகிற குடும்பங்கள் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்த சமயம். முசியே நம் ஊர்க்காரர்தான், தமிழர்தான். கோர்ட்டில் ஒரு வெள்ளைக்கார ஜட்ஜியிடம் எழுத்தராக இருந்து பென்ஷன் வாங்கினவர். அந்த ஜட்ஜி ஊருக்குப் போனபோது அவருடைய அலமாரியை இவர் ஏலத்தில் எடுத்தார். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம். காப்பிக் கொட்டை நிறத்தில் சீமை மரம். நெற்றியில் வரிசையாகப் பதினாறு பூ. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு, எட்டு இதழ், நடுவில் ஒரு மணி.

பதினாறில் இரண்டு விழுந்து தொலைந்துவிட்டன. அந்த இடம் பல் போன வாய் மாதிரித் தெரிந்தது. அதைப் போடத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் ஸ்டூல் போட்டு ஏறி மற்றதையும் ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்திப் பார்த்தேன். ஐந்து பூ உளுத்துப் போயிருந்தது. மேலுக்கு நன்றாக இருக்கும், அழுத்தினால் நகம் உள்ளே போகும். முசியேவையும் ஏறச் சொன்னேன். அவரும் தன் விரலால் அழுத்தினார். அவர் வெள்ளைச் சட்டைக் கையில் தூள் கொட்டியது.

"ஐயையோ, மாவா கொட்டுதேப்பா!"

இது அவர் வாயால் சொன்னது. அவர் சட்டையில் விழுந்த மாவு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ரெண்டும் அஞ்சும் ஏழு. ஏழும் புதுசு போடு," என்றார். "ஆனா ஒண்ணு. எது புதுசு எது பழசுன்னு எனக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சுதுன்னா காசு கெடையாது."

மரம் என்னுடையது, பூ ஒன்றுக்கு இரண்டு ரூபாய் பன்னிரண்டு அணா என்று பேசினோம்.

அந்தச் சீமை மரம் நம் ஊரில் கிடைக்காது. நிறத்திலும் ரேகையிலும் அதற்கு நெருங்கி வருவது வாகை மரத்தின் வயிரம், அதாவது நடுக்கட்டை. அதில் ஒரு தொல்லை உண்டு. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முதலியார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த ஒண்டுக் குடித்தனத்தில் அந்த ஒன்பது நாளும் ஒரே தும்மல். எனக்குத் தும்மல், என் மனைவிக்குத் தும்மல், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அம்மாளுக்கும் தும்மல்.

"ஏண்டி, தெனமும் மொளகாய வறுத்துக் கொட்டறியா?" என்று அந்த அம்மாள் கத்துவாள்.

"மொளகா வாங்கத் துட்டு ஏதுக்கா? அவரு பூ வெட்டறாரு!" என்று இவள் பதிலுக்குக் கத்துவாள்.

அச்சுக்காக உளுத்த பூ ஐந்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பழைய பூக்களில் இதழெல்லாம் இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தன. வெட்டினவன் இடக்கைக்காரனாக இருந்திருக்க வேண்டும். நான் சோற்றுக்கையால் வெட்டினால் சாய்வு எதிர்ப்பக்கம் விழுகிறது. இரண்டு பூவை அப்படி வெட்டித் தூக்கிப் போட்டேன். பிறகு உளியை இடது கையில் பிடித்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, குழந்தை எழுதப் பழகுவதுபோல வெட்டினேன். நான்கு நாள் அப்படிப் பழகினபிறகுதான் இதழ் சாய்ந்தது. இடது கட்டைவிரல் வீங்கிப்போயிற்று, சோறு பிசைகிற கை அது இல்லையே, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றிய பழசைத் துணியில் முடிந்து கொண்டுபோய், கூலி வாங்குகிற அன்று வீட்டுக்காரர் முன்னால் அவிழ்த்து வைக்க வேண்டும். அவர் பழசை எண்ணிப் புதுசுக்குக் காசு கொடுப்பார். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. அந்த முடிச்சுதான் சீட்டு. அந்த முடிச்சை நானே அழித்தேன். உளுத்த பூவைத் தகர டப்பாவில் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் டப்பாவின் அடியில் புதிதாக மாவு இருக்கும். உள்ளே புழு உயிரோடு தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டுக் கூரையைத் தாங்கினது பனைமரத்துச் சட்டம், பனங்கை. வீடு வாடகை வீடு. புழு டப்பாவிலிருந்து கிளம்பிப் பனங்கைக்குள் போய்விட்டால்? கூரை இறங்கிவிட்டால்? சொந்தக்காரருக்கு யார் பதில் சொல்வது? சாப்பிடும்போதுகூட அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

"ஏன்யா, புழு இன்னா மாட்டுவண்டி கட்டிக்கிட்டா பனங்கைக்குப் போவும்?" என்றாள் என் மனைவி.

எனக்குத் தாங்கவில்லை. ஏழாவது பூ முடிந்த அன்று காலை, ஐந்து பழசையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். அந்த வெந்நீரில்தான் குளித்தேன். சாயங்காலம் மச்சான் வந்து, "பழசை முடிஞ்சு வெச்சிட்டியா மாப்பிள்ளே?" என்று சாதாரணமாகக் கேட்டார். அப்போதுதான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது.

ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் ஒட்டும் வேலைக்குப் போனவுடன் முதல் காரியமாக முசியேவிடம் சொல்லிவிட்டேன். மறைத்தால் தப்பு என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"அதனால இன்னா? மாவு கொட்டினதை நான்தான் கண்ணால பாத்தேனே. நீ ஒட்டு."

நிம்மதியாக ஒட்டினேன். ஒட்டுவதிலும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. புதுசைக் காலி இடத்தில் மட்டும் வைத்தால் கண் நேராக அங்கேதான் போகும். அதனால் நல்ல நிலையில் இருந்த ஒன்பது பழம்பூவையும் வெந்நீர்த் துணி போட்டு இளக்கிக் கழற்றி, பதினாறையும் ஒரே தாம்பாளத்தில் வைத்து, கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணி ஊறப்போட்ட சாயத்தை ஒரேமாதிரி தேய்த்து, கலைத்து ஒட்டினேன். புதுசின் முதுகில் பென்சிலால் ஒன்று முதல் ஏழு வரை நம்பர் போட்டிருந்தேன். அந்த முதுகு இப்போது வஜ்ஜிரப் பசைக்கு அடியில். வஜ்ஜிரச் சட்டியை அடுப்பில் வைத்துக் கிண்டிக் கொடுத்தது யார்? என் மச்சான். அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முசியே ஒட்டியதைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், எடுத்துவிட்டுப் பார்த்தார். "பியேன், பியேன்," என்று பிரெஞ்சில் மெச்சி என் தோளைத் தட்டினார். "சனிக்கிழமை வந்து காசு வாங்கிக்கோ."

சனிக்கிழமை போனேன். மச்சான் முன்னாலேயே வந்து ஜன்னல் கதவு ஒன்றைக் கழற்றித் தரையில் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். நாற்காலியில் அந்த வக்கீல். மகள் கல்யாணத்துக்குச் சீர் கொடுக்க அலமாரி தேடி வந்தவர். முசியே அலமாரிக்குப் பக்கத்தில், பெற்ற பிள்ளையின் தோளில் கை போடுவதுபோல அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க ஜட்ஜி கப்பல்ல கொண்டாந்ததுங்க. ரெண்டே ரெண்டு பூவு விழுந்துடுச்சு, அதை மட்டும் போட்டேன். மத்ததெல்லாம் அசல்."

வக்கீல் பொடி டப்பியைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "இது யாரு?"

"அந்த ரெண்டு பூவு போட்டவன்."

"ஏழுங்க," என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், வியாபாரத்தைக் கெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எண்ணிக்கை தப்பாக இருந்தது, வாய் தானாகச் சரிசெய்துவிட்டது. அவர் ஒரு கண்ணைச் சிமிட்டியிருந்தால் பேசாமல் வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன். ஆனால் அவர் என்னைப் பார்த்து, "ஏழா? எந்த ஊர் கணக்குடா இது?" என்றார். அதுவரை 'அப்பா' போட்டுப் பேசினவர்.

வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்படியா? எந்த ஏழு, கைய வெச்சுக் காட்டு பார்ப்போம்."

ஸ்டூலில் ஏறினேன். பார்த்தேன். பதினாறு பூவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி என்னைப் பார்த்தன. வெட்டியவன் நான், கலைத்தவன் நான், எனக்கே தெரியவில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. நாலாவது வகுப்பு வாத்தியார் பின்னால் நிற்பதுபோல இருந்தது.

"தெரியலைங்க," என்றேன்.

இந்த ஒரு வார்த்தைதான். இதைத்தான் முசியே ஊருக்குள் 'ஒத்துக்கிட்டான்' என்று விற்றார். எது என்று தெரியவில்லை என்றேன். போடவில்லை என்றா சொன்னேன்? அடையாளம் தெரியக் கூடாது, தெரிந்தால் காசு இல்லை என்று கட்டளை போட்டது யார்?

"மச்சான், நீங்க சொல்லுங்க," என்றேன்.

மச்சான் இழைப்புளியை நிறுத்தவே இல்லை. "நான் ஜன்னல் வேலைக்கு வந்தவன் மாப்பிள்ளே. பூவு பத்தி எனக்கின்னா தெரியும்?"

வஜ்ஜிரம் கிண்டின கை அது. அந்த வீட்டில் இன்னும் ஆறு ஜன்னல் பாக்கி இருந்தது, அதுதான் காரணம். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, வீங்கின இடது கட்டைவிரலால் ஒவ்வொரு பூவின் அடி விளிம்பையும் தடவினேன். ஆறாவது பூவில் விரல் நின்றது. அந்த விளிம்பில் உளி ஒருமுறை வழுக்கி, நான் மறுபடி சீவிச் சரிசெய்த மேடு இருந்தது. மற்றது எப்படியோ, இது ஒன்று என்னுடையது.

"இது வாகைங்க. சீமை மரமில்ல. கொஞ்சம் சுரண்டி மூக்குல வெச்சுப் பாருங்க, தும்மல் வரும்."

"கைய வெச்சே, தெரியும் சேதி!" என்று முசியே கத்தினார்.

"அடியில, தெரியாத எடத்துல சுரண்டட்டும். எனக்கும் தெரியணும்," என்றார் வக்கீல். வாங்குகிறவர் சொன்னபிறகு விற்கிறவர் என்ன செய்வார்?

சுரண்டினேன். ஒரு சிட்டிகைத் தூள், வக்கீலின் செய்தித்தாள் ஓரத்தில். அவர் அதைப் பொடி மாதிரியே இரண்டு விரலில் எடுத்தார், மூக்கில் வைத்தார், இழுத்தார். நாங்கள் எல்லோரும் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். மச்சான்கூட இழைப்பை நிறுத்திவிட்டார்.

ஒன்றும் வரவில்லை.

"காரமே இல்லையேப்பா," என்றார் வக்கீல். "முப்பது வருஷமா பொடி போட்ட மூக்கு. இதுக்கு ஒன் மரம் எந்த மூலைக்கு?"

முசியே கடகடவென்று சிரித்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் மதாம் காப்பித் தட்டோடு வந்தார். தட்டை வைக்க இடம் வேண்டுமென்று அந்தச் செய்தித்தாளை எடுத்து உதறினார். ஒரு தும்மல். இரண்டு. மூன்றாவதில் காப்பி தட்டெல்லாம் சிந்தியது.

"பாத்தீங்களா? வாகைதாங்க!" என்று நான் கத்தியே விட்டேன்.

"அவளுக்குக் காலையிலேருந்து சளி," என்றார் முசியே.

மதாம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "எனக்கா? எனக்கெங்க சளி?"

"இருக்கு. உள்ள போய்ப் படு."

"நல்லாத்தானே இருந்தேன், இப்பத்தான்..."

"படுன்னு சொன்னேன்."

மதாம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். வக்கீல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை சாட்சிகளைப் பார்த்த மனுஷன். காப்பியை ஆற்றிக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சரி, ரெண்டா ஏழான்னு எனக்கு வம்பு வாணாம். அஞ்சு பூவு சந்தேகம். நாப்பது ரூபா கொறைச்சுக்குங்க, இப்பவே முன்பணம் தர்றேன்."

முசியே மூச்சை இழுத்து விட்டார். குறைத்துக்கொண்டார். பணம் கைமாறியது. வக்கீல் போய்விட்டார். என்னால் நாற்பது ரூபாய் மிச்சம் பிடித்த மனுஷன், போகும்போது என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

முசியே என் கையில் ஐந்து ரூபாய் எட்டணா எண்ணி வைத்தார். இரண்டு பூவுக்கு.

"மிச்சம் அஞ்சு பூவுங்க?"

"ஒன் வாயால எனக்கு நாப்பது ரூபா நட்டம். இதுல மிச்சம் வேறயா?"

"அஞ்சு பூவு புதுசுன்னுதானே நாப்பது கொறைச்சீங்க? அப்ப அந்த அஞ்சுக்குக் கூலி?"

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "ஒங்க தொழில்ல வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல? பழசு அஞ்சையும் கொண்டாந்து முடிச்சை அவிழு. எண்ணித் தர்றேன்."

வெந்நீர் அடுப்பை அவரிடம் சொன்னவனே நான்தான். மறைக்கக் கூடாது என்று நான் சொன்னதை வைத்தே என் கையைக் கட்டினார். விலை குறைக்கும்போது ஐந்தும் புதுசு. கூலி கொடுக்கும்போது ஐந்தும் பழசு. ஒரே கூடம், ஒரே அலமாரி, இடையில் கால் மணி நேரம்கூட இல்லை. இதற்குப் பெயர் என்ன?

வாய்க்காலைத் தாண்டி வரும்போது மச்சான் பின்னாலேயே ஓடிவந்தார். "கோச்சுக்காத மாப்பிள்ளே. ஒன் வேலை அவ்வளவு சுத்தம், அதான் கண்டுபிடிக்க முடியல. அதையே பெரிய கூலின்னு நெனச்சுக்கோயேன்."

"ஒங்க ஜன்னல் நல்லா சாத்திக்கிதுன்னு சொல்லி அனுப்பிச்சா, ஒங்க வீட்ல ஒலை கொதிக்குமா மச்சான்?"

அவர் ஜன்னல் வேலைக்கே திரும்பிப் போனார். அதன்பிறகு நான் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. வீட்டில் என் மனைவி இரண்டு பக்கமும் இழுபட்டாள், பாவம். கடைசியில் அவள்தான், "ஒங்க ரெண்டு பேரையும் அந்த அடுப்புலயே போட்டிருக்கணும்" என்று சொல்லி முடித்துவைத்தாள்.

வேலையை நன்றாகச் செய்தது தண்டனை என்றால், மோசமாகச் செய்தவனுக்கு மாலை போடுவார்களா? ஒட்டு தெரியும்படி ஐந்து பூவைக் கோணலாக வைத்திருந்தால், ஒன்று காசு இல்லை என்று சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் திட்டிக்கொண்டே கொடுத்திருப்பார். இரண்டில் ஒன்று. நான் செய்ததற்கு மட்டும், பூவே போடவில்லை என்றாகிவிட்டது. அதற்கப்புறம் எந்த வேலைக்குப் போனாலும் பழசை முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். புழுவோடு.

நயா பைசா வந்தபிறகு ஒருநாள், பெரிய கடையில் மீன் விற்கிற பக்கம் மதாமைப் பார்த்தேன். கூடையில் வவ்வால் மீன். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவர்தான் கூப்பிட்டார்.

"பூக்காரரே, நில்லுங்க." சுருக்குப்பையைத் திறந்து, இரண்டு ரூபாய் நோட்டும் முக்கால் ரூபாய்க்குச் சில்லறையும் எடுத்து என் கையில் வைத்தார். "இது நான் தும்முன பூவுக்கு. அன்னைக்கு எனக்குச் சளி இல்ல. வீட்ல அதைச் சொல்ல வழியில்ல, ஒங்ககிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன். மத்ததை அவருதான் தரணும்."

வாங்கிக்கொண்டேன். மறுக்கவில்லை, அது தானமில்லை, கூலி. அவர் கையில் மீன் வாசனை, காசிலும் அந்த வாசனை. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. வழியில் இன்னொரு முறை எண்ணினேன்.

முசியே கடைசிவரை தரவில்லை. நான்கு பூ, பூ ஒன்றுக்கு இரண்டே முக்கால். பாக்கி பதினோரு ரூபாய்.